வண்டியை மாற்றிப் பார்த்தல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், அந்தப் புது மாடல் கேம் கன்சோல் வந்த சமயத்தில், சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. அது முழுக்கப் புதிய மிஷின் அல்ல. ஏற்கெனவே பலரிடம் இருந்த அதே மிஷினைக் கொஞ்சம் வேகமாக்கி, படத்தைக் கொஞ்சம் துலக்கி, பெயருக்குப் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, அடுத்த தலைமுறை வருவதற்கு நடுவில் இறக்கியிருந்தார்கள். பழசைத் தள்ளிவிட்டு இதை வாங்குவது புத்திசாலித்தனமா, இல்லை பொறுத்திருப்பதா என்று டிபன் பாக்ஸைத் திறந்தவுடன் தொடங்குவார்கள், கை கழுவும்வரை ஓயாது.

என் பக்கத்து இருக்கைக்காரன் ஈரோட்டுப் பக்கம். வேலைக்காக வந்து வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தான். எல்லோருக்கும் முன்னால் அதை வாங்கியவன் அவன்தான். எல்லோரையும் வாங்காதே என்று தடுத்தவனும் அவன்தான்.

"நான் வாங்கீட்டேன், ஆனா நீ வாங்காத மாப்ள. உங்க வீட்டு டிவிக்கு இது செருப்பு இல்லாதவன் சாக்ஸ் வாங்குன கதைதான்."

"அப்ப நீ எதுக்குடா வாங்கின?"

"எனக்குச் செருப்பு இருக்குதில்ல."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சொன்னது சரி. எங்கள் வீட்டு டிவி முப்பத்திரண்டு இன்ச், பழையது. அதில் அந்தப் புது மிஷினின் துலக்கம் பாதிகூடத் தெரியாது. ஆனால் எனக்கு அது வேண்டியிருந்த காரணம் வேறு. அதை மேசையில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த பழைய மிஷின் மந்தமாகிவிட்டதா, இல்லை என் அப்பாவின் இடது கை மந்தமாகிவிட்டதா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அப்பா ஷேர் வேன் ஓட்டுகிறவர். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி, சில நாள் கோயம்பேடு. எங்களுடையது திருவேற்காட்டை ஒட்டிய பழைய ஊர்க் குடும்பம்; நிலம் மனைகளாகப் போன பிறகு அப்பாவின் தலைமுறையில் ஆளுக்கொரு வேலைக்குப் பிரிந்தார்கள், அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் வராது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வேனில் ஏறி இறங்கியவர்கள்தான் என்னைப் படிக்க வைத்தார்கள் என்று அப்பா சொல்வார். தான் படிக்க வைத்ததாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு காலையில் பல் தேய்க்கும்போது அவருக்கு வாய் கோணியது. பக்கவாதம். சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் கால் தப்பித்தது, பேச்சும் திரும்பியது. இடது கைதான் முழுதாக வரவில்லை. பிடிக்கும், தூக்கும். ஆனால் எதையும் ஒரு கணம் யோசித்துவிட்டுச் செய்வதுபோல இருக்கும். கியர் போடுகிற கை அது.

டாக்டர், ஓட்டவே கூடாது என்று சொல்லவில்லை. "இப்போதைக்கு வேணாம்" என்றார். அப்பா அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை மட்டும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். வேனை ஓட்ட ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டோம். பட்டாபிராம் பக்கத்துப் பையன், என் வயதுதான் இருக்கும். சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுச் சாவியை நீட்டும்போது ஒவ்வொரு நாளும், "அண்ணாத்தே, வண்டி உன்ன தேடுது" என்பான். அப்பா சாவியை வலது கையில் வாங்கி, இடது கைக்கு மாற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்.

பிசியோதெரபி செய்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அப்பாவுக்குப் பந்து அலுத்துவிட்டது. "இன்னாடா இது, கொழந்தைக்கு குடுக்குற மாதிரி" என்று ஜன்னல் ஓரம் வைத்துவிட்டார். அப்போதுதான் நான் கன்சோலை அவர் முன்னால் வைத்தேன். முதல் வேலையில் சேர்ந்ததும் யாரோ விற்றதைக் கைமாற்றி வாங்கியது. அதில் ஒரு கார் ஓட்டும் கேம் இருந்தது. காரைத் திருப்புவது இடது கட்டைவிரலால், ஒரு சின்னக் குமிழை ஆட்டி.

"ஸ்டியரிங் எங்கடா?"

"இந்தக் குமிழ்தாம்பா."

"இதுவா? இத்த வெச்சிக்கினா ஒருத்தன் வண்டி ஓட்டுவான்?"

அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அம்மா பூந்தமல்லியில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறவர். வேலைவிட்டு வந்து, கூடத்தில் கார் உறுமும் சத்தத்தைக் கேட்டுக் கதவருகிலேயே நின்றார். "ஏன்யா, ரோட்டுலதான் ஓட்டக் கூடாதுன்னாங்களே, ஊட்டுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா? அங்கயாச்சும் மெதுவா போ." ஆனால் அம்மாவின் முகத்தில், ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு தெளிவு இருந்தது.

கார் தானாகத் திரும்ப, தானாக பிரேக் போட உதவும் வசதிகள் அந்த கேமில் உண்டு. அதையெல்லாம் நான் எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். அப்பா ஓட்டியது சுத்தமாக அவர் கையால் ஓட்டியதுதான். ஒரே ஒரு பாதையைத்தான் எடுப்பார். மேம்பாலம் ஏறி, இறங்கியதும் இடப்பக்கமாக மடங்கும் பாதை. அந்த இறக்கத்துக்கு மதுரவாயல் என்று பெயர் வைத்தார். மதுரவாயலில் ஒவ்வொரு தடவையும் சுவரில் இடித்தார்.

வலப்பக்க வளைவுகளில் இடிக்கவே மாட்டார். இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கம் ஒடிக்க அந்தக் கட்டைவிரலை உள்பக்கம் மடக்கினால் போதும், இடப்பக்கம் ஒடிக்க அதை வெளிப்பக்கம் நீட்டியாக வேண்டும். சில வாரம் கவனித்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "ரைட்டுல ஒடிச்சா ஒடனே ஒடியுது. லெஃப்டுல ஒடிச்சா அது யோசிச்சிக்கினு ஒடியுது. மிஷின்ல இன்னாமோ கீது நைனா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

வேன் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டிரைவர், 'என் வண்டி ஒரு பக்கமா இழுக்குது' என்று புகார் சொன்னால் யாரும் வாக்குவாதம் பண்ணுவதில்லை. முதலில் ஆளை மாற்றிப் பார்ப்பார்கள்: வேறொருவர் அதே வண்டியை அதே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி வருவார். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் வண்டியை மாற்றிப் பார்ப்பார்கள்: புகார் சொன்னவர் வேறு நல்ல வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். அந்த வண்டியும் இழுத்தால், திரும்பி வந்து அவரே தன் வாயால், 'என் வண்டி நல்லாத்தான் கீது' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேலியும் கிடையாது. ஒருவருக்குக் கண் மங்கியதும், இன்னொருவருக்குக் குடி கூடிப்போனதும் இப்படித்தான் ஸ்டாண்டில் தெரியவந்தன. அப்பாவே சிலருக்கு வண்டி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதனால் எங்கள் கூடத்திலும் முதலில் ஆளை மாற்றினோம். நான் ஓட்டினேன். மதுரவாயலில் கார் சுலபமாகத் திரும்பியது. அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. "நீ இதுலயே கெடந்தவன். உன் கையி அதோட சொத்தைக்கு ஏத்தாப்ல பழகிடிச்சி."

சாவி கொடுக்க வந்த ஆக்டிங் டிரைவரைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் அதற்குமுன் கன்சோலைத் தொட்டதில்லை. இடம், வலம் என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாச் சுவரிலும் இடித்து, பாலத்திலிருந்து கீழேயும் விழுந்தான்.

"இன்னா மாமே, இப்டித்தான் என் வண்டியையும் ஓட்றியா?"

"அண்ணாத்தே, அதுல ஹாரன் கீது. இதுல ஹாரனே இல்லியே, எப்டி ஓட்றது?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கும்போது உதட்டின் ஒரு முனை மேலே போகாமல் நின்றது. அந்தப் பரிசோதனையில் எதுவும் தேறவில்லை.

குமிழ் வைத்த கன்ட்ரோலர்தான் கெட்டுவிட்டதோ என்று, தெருவில் ஒரு பையனுடையதை இரவல் வாங்கிவந்து மாட்டினேன். அதிலும் இடித்தார். "ஹேண்டில மாத்தினா ஆச்சா? இன்ஜின் பழசு" என்றார். சும்மா சொல்லவில்லை. என் போனில் யாரோ ஒருவர் புது மாடலைப் பற்றித் தமிழில் பேசிய வீடியோவை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தார். ஒரு நொடிக்குள் பழைய மிஷின் காட்டுகிற படங்களைப்போல இரண்டு மடங்கு இது காட்டும், அதனால் விரல் அசைந்ததும் கார் அசையும், பழையதில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும் என்று அந்த ஆள் விளக்கியிருந்தார். அப்பா என் தொடையில் தட்டினார். "பாத்தியா? அவனே சொல்றான். பழசுல லேட்டாவுதாம்."

பொய்யில்லை, அந்தத் தாமதம் உண்மைதான். ஆனால் அது கண்ணிமைப்பதைவிடச் சின்னது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தச் சின்னத் தாமதத்துக்குள் அப்பாவின் கை முழுவதும் அடங்கிவிட வேண்டும் என்று நானும் விரும்பினேன். அலுவலகத்தில் அவர்கள் நிழல், வெளிச்சம், புல்லின் நுனி என்று அந்த மாடலுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மனசுக்குள் போட்ட மதிப்பு இதுதான்.

அவசரத்துக்குக் காரணம் ஆடி. ஆடி ஞாயிறுகளில் திருவேற்காட்டுக் கோயிலுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஸ்டாண்டில் எந்த வண்டியும் நிற்காது, எந்த டிரைவரும் உட்கார மாட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்பா ஒரு ஆடியையும் விட்டதில்லை. "ஆடிக்கு நான்தான் எடுப்பேன்" என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாள் ஆடி கழிந்துதான் இருந்தது. "அதுக்குள்ள கையி சரியாயிடும். ஆயிடிச்சின்னே வெச்சிக்கோ. அந்த மிஷின் ஒண்ணுதான் சதி பண்ணுது."

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ படிச்சவன். நீ சொல்லு. கையா, மிஷினா?"

தெரியவில்லை என்றேன்.

பக்கத்து இருக்கைக்காரனிடம் மறுநாள் மதியம், மேசையைவிட்டு எழுந்து வந்த பிறகு, விஷயத்தைச் சொன்னேன். அவன் கிண்டல் செய்யவில்லை. "அதுக்கு ஏன்டா வாங்கோணும்? அப்பாவ நம்ம வீட்டுக்குக் கூட்டீட்டு வா. மிஷினும் இருக்குது, பெரிய டிவியும் இருக்குது. ரெண்டும் புதுசு. அந்த கேம நான் இறக்கி வெக்கறேன்" என்றான். அவன் கால்பந்து மட்டும் விளையாடுகிறவன். அந்தக் கார் கேம் அவனிடம் அதுவரை இல்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா வீட்டில் லுங்கியோடுதான் ஓட்டுவார். அன்றைக்குக் காக்கிச் சட்டையைத் தேய்க்கச் சொல்லிப் போட்டுக்கொண்டார். அம்மா ஒன்றும் கேட்காமல் தேய்த்துக் கொடுத்தார். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தவர், வழியில் ஒரு லாரியைத் தாண்டும்போது, "ஹாரன் குடுத்துட்டுப் போடா" என்றார்.

நண்பன் கதவருகிலேயே நின்றிருந்தான். "வாங்கப்பா, வாங்க. ஏனுங்கப்பா செருப்ப வெளிய விட்டீங்க, உள்ள போட்டுட்டு வாங்க." அப்பா கேட்கவில்லை. கூடத்தில் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு டிவி இருந்தது. அதன் முன்னால் சோபாவின் நுனியில், டிரைவர் சீட்டில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கன்ட்ரோலரைக் கையில் வாங்கினார். நண்பன் கேமை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தான்.

படம் வந்ததும் அப்பா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. "தாரு புதுசா போட்டாப்ல கீதே. கல்லு கல்லா தெரியுது."

கிளம்பினார். வலப்பக்கம் ஒன்று, நேர்ப்பாதை, பாலம். பாலத்தில் ஏறினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இறக்கம் வந்தது. கார் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு, தடம் விலகாமல், அழகாகத் திரும்பியது.

அப்பா நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று. மறுபடியும் திரும்பியது. மூன்றாவது முறை வேகத்தைக் குறைக்காமலே எடுத்தார். அதுவும் திரும்பியது.

"நைனா!" என்றார். குரல் உடைந்திருந்தது. "இன்ஜின்தான்டா! நான் சொல்லல?"

நண்பன் கை தட்டினான். "அப்பா, செம்மங்கப்பா. நானா இருந்தா அங்க முட்டியிருப்பேன்."

கடைக்குப் போய் அன்றைக்கே அந்த மிஷினை வாங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். டிவியையும் மாற்றுவது. எல்லாவற்றையும் மாற்றுவது. அப்படி நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் ஓரத்தில் அந்தப் படம் கண்ணில் பட்டது. சின்ன ஸ்டியரிங் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு சொல். ஸ்டியரிங் அசிஸ்ட்.

வளைவில் ஓட்டுகிறவரின் விரல் பிந்தினாலும் காரைத் தானே திருப்பிவிடும் வசதி அது. கேமைப் புதிதாக இறக்கினால், யாரும் தொடாதவரை, அது போட்டபடியேதான் இருக்கும். எங்கள் வீட்டில் நான் அணைத்து வைத்திருந்தது. இங்கே அணைக்க ஆளில்லை. நண்பனுக்கு அந்த கேமே தெரியாது.

அந்த அறையில் அதைப் படித்து அர்த்தம் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

அதற்குள் அப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்து ஆக்டிங் டிரைவரை அழைத்திருந்தார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். "அலோ, நான்தான்டா. வர்ற ஞாயித்துக்கெழமை வண்டிய நான் எடுக்கிறேன். மெய்யாலுமே. கையி பக்காவா கீது. இப்பதான் டெஸ்டு பண்ணி பாத்துக்கினு கீறேன்."

"சோக்கு அண்ணாத்தே! வண்டிய கழுவி மாலை போட்டு வெக்கிறேன். நீ வந்து ஏறு."

ஆடி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் பானையை மடியில் இடுக்கிய பெண்கள், அவர்கள் முட்டிக்கு நடுவில் நிற்கும் பிள்ளைகள், படியில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாகத் தொங்கும் பையன்கள். யாரும் டிரைவரின் கையைப் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில்தான் ஏறுகிறார்கள்.

அப்பாவின் முகத்தையும் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்த முகம் அப்படி இருந்ததே இல்லை.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றேன். "அது தானா திரும்புது."

போனைக் கையிலிருந்து இறக்காமலே என்னைப் பார்த்தார்.

"இதுல ஒரு செட்டிங் கீதுப்பா. நாம விட்டாலும் வண்டி தானா திரும்பிக்கும். நம்ம வூட்டுல நான் அத்த ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். இங்க ஆன்ல கீது. இப்பதான் பாத்தேன்."

நண்பன், "டேய்" என்று மெல்லச் சொல்லி நிறுத்திக்கொண்டான். போனில், "அண்ணாத்தே? லைன்ல கீறியா?" என்று குரல் வந்தது. அப்பா, "பொறவு பேசறேன்டா" என்று அணைத்தார்.

கொஞ்ச நேரம் திரையில் ஓடாமல் நின்ற காரையே பார்த்தார். "எனக்கும் ஒரு டவுட்டு இருந்திச்சி" என்றார் பிறகு. "வண்டி ரொம்ப நல்ல புள்ளையா போச்சி." கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார். "அத்த எடுத்துடு."

"இருக்கட்டுங்கப்பா" என்றான் நண்பன். "கேம்தானுங்களே."

"கேம் இல்ல தம்பி. எடுத்துடு நைனா."

நான் எழுந்துபோய் அணைத்தேன்.

அதே தார், அதே கல், அதே பாலம். இறக்கத்தில் அப்பாவின் இடது கட்டைவிரல் எழும்புவதற்கு முன் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. மறுபடி போனார். முன்கூட்டியே பிரேக் பிடித்து, வேகத்தை முடிந்தவரை குறைத்து, ஒரு வயதான மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டிப் பார்த்தார். இடித்தது. பெரிய டிவியில் அந்தச் சுவர் ரொம்பத் தெளிவாக, சிமெண்ட் பூச்சுகூடத் தெரியும்படி இருந்தது. நண்பன் எழுந்து காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனான்.

அப்பா கன்ட்ரோலரைத் துடைத்து, சோபாவின் கைமேல் பத்திரமாக வைத்தார். "நம்ம வண்டி நல்லாத்தான் கீது" என்றார்.

அதைச் சொல்ல வேண்டும் என்று யாரும் அங்கே கேட்கவில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னார், சத்தமாக, ஒரு வார்த்தையும் விழுங்காமல்.

பிறகு போனை எடுத்து, ஆக்டிங் டிரைவரிடம் இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடாமல் பேசினார். "நைனா, ஆடிக்கு நீயே எடுத்துக்கோ. இல்லடா, இல்ல. நீ நல்லா ஓட்ற. பிரேக் மட்டும் கொஞ்சம் முன்னாடியே புடி, ஜனம் நிக்கும்." அந்தப் பக்கம் என்ன கேட்டானோ. "மிஷின்ல இல்லடா, கையிலதான்" என்றார். அவ்வளவுதான்.

நண்பன் கொண்டுவந்த காபியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். டிவியைப் பற்றி விசாரித்தார். சொந்த ஊரில் அம்மா அப்பா சௌக்கியமா என்று கேட்டார். கிளம்பும்போது அவன் தோளைத் தட்டி, "ஒன் மிஷின் ஏ ஒன் தம்பி" என்றார். அவன் என்னைப் பார்க்காமல் செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

திரும்பும் வழியில் பைபாஸ் சிக்னலில் நின்றோம். அப்பா என் காதுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நீ கண்டி சொல்லலன்னா ஞாயித்துக்கெழமை ஏறிட்டிருப்பேன்டா." அதை என்னைப் பாராட்டிச் சொன்னாரா, குறை சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. பச்சை விழுந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லாமலே, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை அப்பா கழற்றுவதைப் பார்த்துவிட்டு, "சாப்ட வா" என்றார்.

அந்த ஆடி முழுக்க அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தார். முதல் வாரம் கோயில் பக்கத்து மேளச் சத்தம் கேட்டபோது கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் சாத்தவில்லை. டாக்டர் பிறகு சொன்னதும் வேறாக இல்லை. கேட்டுக்கொண்டு, சரிங்க என்று எழுந்துவிட்டார். வேனை அந்தப் பையனே நிரந்தரமாக ஓட்டுகிறான். இப்போதும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுகிறான். வண்டி தேடுகிறது என்று மட்டும் சொல்வதில்லை.

அலுவலகத்தில் சிலர் அந்த மாடலை வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒரு நாள், "அண்ணா, அது வொர்த்தா?" என்று என்னிடம் கேட்டான். பக்கத்து இருக்கைக்காரன் வழக்கமான செருப்புக் கதையைச் சொல்லப்போய், என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் அந்தப் பையனிடம், "மெய்யாலுமே ஒடனே திரும்பும்" என்றேன். அது உண்மை. நல்ல மிஷின்தான். பழசு வீட்டில் இருந்தவரை அதன்மேல் பழி போட இடம் இருந்தது. புதுசு அந்த இடத்தைத் துடைத்து எடுத்துவிட்டது. காசு கொடுத்து அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. இன்றுவரை வாங்கவில்லை.

அப்பா சில மாதம் கன்சோலைத் தொடவில்லை. அதன்மேல் அம்மா ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார். மழைக்காலம் தொடங்கி, வெளியில் போக முடியாத ஒரு மத்தியானம், நான் லேப்டாப்பில் வேலையாக இருந்தபோது, அவர் துணியை விலக்கி, டிவியைப் போட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, அந்தத் தானா திரும்புறது இதுலயும் கீதா?"

"கீதுப்பா."

"போட்டு வுடு."

நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்குற? இதுல யாரு ஏறப்போறா?"

போட்டுக் கொடுத்தேன். கார் பாலம் ஏறி இறங்கியது. அப்பா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வேகம் கொடுத்து, இருபுறமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்.